இன்னொரு தடவை எழுது, பிரின்!

பக்கத்து வீட்டுப் பையன் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு வாங்கிவிட்டான் என்ற செய்தி வேலியைத் தாண்டி வந்த அதே நிமிஷத்தில், வெண்டல் பிக்ஸ்லர் தன் மகளின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு மாபெரும் முடிவு எடுத்தார். மகளைக் கேட்கவில்லை. மனைவியைக் கேட்கவில்லை. புல் வெட்டும் இயந்திரத்தை மட்டும் அணைத்தார்.

செய்தியைக் கொண்டுவந்தவன் அடுத்த வீட்டு கிளிஃப். இரண்டு வருஷமாகத் திருப்பித் தராத செடிக் கத்தரியை அன்றைக்கு, செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம், எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்து வந்திருந்தான். அப்போதே வெண்டல் உஷாராகியிருக்க வேண்டும்.

"எங்க கோல்ட்டனுக்கு எஸ்.ஏ.டி. மார்க் வந்துடுச்சு," என்றான் கிளிஃப். "பெருசா ஒண்ணும் இல்ல. ஆயிரத்து முந்நூத்தித் தொண்ணூறு."

"ஓ."

"ஆயிரத்து அறுநூறுக்கு."

"தெரியும்ப்பா."

"பய புத்தகத்தையே தொடல. நான் திட்டிக்கிட்டேதான் இருந்தேன். ஆமா, உங்க பிரின் எவ்வளவு?"

"அவ இன்னும் முடிக்கல," என்றார் வெண்டல்.

பிரின் அந்தக் கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதியது மார்ச் மாதம். ஆறு மாதமாக அந்தப் பெண் பென்சிலும் கையுமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறாள் என்று கிளிஃப் நினைத்துக்கொண்டாலும் நினைத்துக்கொள்ளட்டும், ஆயிரத்து இருநூற்று எழுபது என்ற எண் தன் வாயிலிருந்து வரக்கூடாது என்பதுதான் வெண்டலுக்கு முக்கியம்.

வெண்டல் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். ஆலங்கட்டி மழையில் அடிபட்ட கூரைகளைப் பார்த்துச் சேதம் எவ்வளவு என்று சொல்வது அவர் தொழில். ஏணி போடாமல், தரையில் நின்றபடியே சொல்லிவிடுவார். அதனால் உலகத்தில் எதையும், யாரையும், தரையில் நின்றபடியே மதிப்பிட்டுவிடலாம் என்று ஒரு நம்பிக்கை அவருக்கு உண்டு. ஒஹையோவில் அந்தத் தெருவில் அந்த நம்பிக்கை இல்லாத ஆண்பிள்ளை யாரும் இல்லைதான். ஆனால் வெண்டலுக்கு அதற்குச் சம்பளமும் கிடைத்தது.

புல் ஒட்டிய செருப்போடு சமையலறைக்குள் நுழைந்தார். மனைவி டீனா அடுப்பிலிருந்து சோள ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். பிரின் மேஜையில் உட்கார்ந்து நாய்க்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பிரின் மறுபடி எழுதுறா," என்று அறிவித்தார்.

"என்னத்தை?" என்றாள் டீனா.

"எஸ்.ஏ.டி.யை. அக்டோபர் நாலாந் தேதி. முடிவு பண்ணியாச்சு."

"யாரு பண்ணினது?"

"இந்தக் குடும்பம்."

"இந்தக் குடும்பத்துல நாங்க ரெண்டு பேரும் இருக்கோமா, இல்ல நீயும் கிளிஃபும் மட்டுமா?"

"கிளிஃபுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கையில கத்தரி இருக்கே."

வெண்டல் கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அப்பா," என்றாள் பிரின், "நான் கால்நடை மருத்துவம் படிக்கப் போற காலேஜ்ல மார்க்கே கட்டாயம் இல்ல. குடுத்தா பாப்பாங்க, குடுக்கலன்னா விட்டுடுவாங்க."

"அதுக்காக? இன்னொரு தடவை எழுதினா நஷ்டம் என்ன? ரெண்டு தடவை எழுதினா, கணக்குல எந்தத் தடவை அதிகமோ அதை எடுத்துப்பாங்க. இங்கிலீஷ்ல எந்தத் தடவை அதிகமோ அதை எடுத்துப்பாங்க. ரெண்டையும் கூட்டி ஒரே மார்க்காக்கிடுவாங்க. இறங்கவே இறங்காது. ஏறத்தான் செய்யும். இப்படி ஒரு சலுகை உலகத்துல வேற எதுல இருக்கு?"

"புருஷன் விஷயத்துல இருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றாள் டீனா. "ரெண்டு பேரைக் கட்டிக்கிட்டு, எதுல எவன் தேவலையோ அதை மட்டும் எடுத்துக்கிட்டிருக்கலாம்."

பிரின் சிரித்தாள். நாயும் வாலை ஆட்டியது. ஆனால் மார்ச் மாதம் நினைவுக்கு வந்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சனிக்கிழமை காலையில் வெண்டல் அவளுக்கு முட்டையைக்கூடக் கடிகாரம் வைத்துத்தான் வேகவைத்தார். சாப்பிடும்போது வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டார். காரில் பின்னங்கள் கேட்டார். தேர்வு நடந்த பள்ளிக்கூடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில், அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலைக் கண்டுபிடித்து அதற்கு நேர் எதிரே போய் நின்றார். ஊக்கம் கொடுக்கிறாராம். அவள் வெளியே வந்தபோது விரல்கள் சில்லிட்டிருந்தன. வீடு வந்து சேரும்வரை எந்தக் கேள்விக்கு என்ன பதில் போட்டாய் என்று விசாரித்துக்கொண்டே வந்தார், பாவி மனுஷன்.

"சரி, எழுதட்டும்," என்றாள் டீனா.

"என்ன சொன்னே?"

"எழுதட்டும்னேன். நானே பதிவு பண்றேன்."

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் டீனா ஒரே பேச்சில் ஒத்துக்கொண்ட சமயங்கள் மொத்தம் மூன்று. மூன்று தடவையும் வெண்டலுக்கு அடி விழுந்திருக்கிறது. அதெல்லாம் அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பில் சோள ரொட்டியில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

டீனா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். பயந்து நடுங்கிக்கொண்டு வருகிற ஆட்களை, அவர்களாகவே ஆசைப்பட்டு வந்ததாக நினைக்கவைத்து நாற்காலியில் ஏற்றுவதுதான் அங்கே அவள் வேலை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து காபி குடிக்கும்போது அவள் சொன்னாள்: "பக்கத்துல எந்த ஸ்கூல்லயும் இடமில்லையாம். தேடித் தேடி கடைசியா ஒண்ணு கிடைச்சது. கிரிம்ஸ்வில்."

"அது எங்கே இருக்கு?"

"ஆத்துக்கு இந்தக் கரை. அந்தக் கரை மேற்கு வர்ஜீனியா. ரெண்டரை மணி நேரம்தான். ஏழே முக்காலுக்கு உள்ள இருக்கணும். நாலே முக்காலுக்குக் கிளம்பினா சரியா இருக்கும்."

"யாரு கூட்டிட்டுப் போறது?"

"எனக்கு அந்தச் சனிக்கிழமை கிளினிக். பிரின் தானே ஓட்டிட்டுப் போவா. ஆனா பதினெட்டு வயசு ஆகறவரைக்கும் நெடுஞ்சாலைல ஓட்டக்கூடாதுன்னு ஒருத்தர் சட்டம் போட்டிருக்காரே."

சட்டம் போட்டவர் காபியைக் குடித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். மகளுக்காக விடிவதற்கு முன் எழுந்து வண்டி ஓட்டும் தகப்பன் என்ற படம் அவருக்கே பிடித்துப்போய்விட்டது. சாயங்காலமே வேலியோரம் போய், "பிரின் அக்டோபர்ல மறுபடி எழுதுறா. நானே ஓட்டிட்டுப் போறேன். பிள்ளைங்களுக்காக இதுகூடச் செய்யலைன்னா எப்படி?" என்று கிளிஃபிடம் கேட்டுவிட்டு வந்தார். கோல்ட்டன் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போய் எழுதினவன். கிளிஃபுக்குச் சுருக்கென்றிருக்கும் என்று வெண்டலுக்கு ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

திங்கட்கிழமை டீனா வேலையிலிருந்து வந்து கைப்பையை வைத்தபடியே சொன்னாள். "டாக்டர் ப்ரூயட் ஒரு ஃபுட்பால் மேட்சுக்கு ரெண்டு டிக்கெட் குடுத்திருக்கார். வருஷத்துக்கு ஒருத்தருக்குக் குடுப்பார்ல, இந்த வருஷம் நான்."

"எந்த இடம்?"

"நாப்பது கெஜக் கோடுன்னார். அது நல்ல இடமா?"

வெண்டல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மாநில அணி ஆடுகிற மைதானத்தில் நாற்பது கெஜக் கோட்டுக்கு நேரே, கிட்டத்தட்ட நடுவில், உட்காருவது என்றால், சர்ச்சில் முதல் வரிசையைவிட அவருக்கு அது பெரிய இடம். பதினோரு வருஷமாக டிவிக்கு முன்னால்தான் கத்திக்கொண்டிருக்கிறார். டிவிக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

"யாரோட மேட்ச்?"

டீனா சொன்னாள். அந்த அணியின் பெயரைக் கேட்டாலே அந்தத் தெருவில் நாய்கள்கூட உறுமும்.

"என்னைக்கு?"

"சனிக்கிழமை."

"எந்தச் சனிக்கிழமை?"

டீனா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "அக்டோபர் நாலு. மத்தியானம் பன்னெண்டு மணி. அய்யய்யோ!"

அந்த 'அய்யய்யோ'வை மேடை ஏறி நடிக்கிறவர்கள்கூட அவ்வளவு சுத்தமாகச் சொல்ல முடியாது.

"அன்னைக்குத்தானே கிரிம்ஸ்வில்! சரி விடு, டாக்டருக்கே திருப்பி அனுப்பிடுறேன்."

"இரு இரு. அவசரப்படாதே."

வெண்டல் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்தே காலுக்குத் தேர்வு முடியும். பத்தரைக்கு வண்டியை எடுத்தால் ஒரு மணிக்கு ஸ்டேடியம். வண்டி நிறுத்த அரை மணி. பாதி ஆட்டம் மிச்சம் இருக்கும்.

"களைச்சுப்போன பிள்ளையை எங்கே விடுவே?" என்றாள் டீனா.

"பின்சீட்டுல தூங்கட்டும்."

"வர்ற வழியெல்லாம் ஒவ்வொரு கேள்வியா அலசணும்பியே?"

"அப்போ நவம்பர்ல எழுதட்டும்!"

"நவம்பர் முதல் தேதி விண்ணப்பம் போயாகணும்னு நீதானே ஃப்ரிட்ஜ்ல சிவப்பு மையில எழுதி ஒட்டியிருக்கே?"

வெண்டல் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். மூன்று அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவருக்கு ஞானோதயம் பிறந்தது. முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"பிரின், அப்பா யோசிச்சுப் பார்த்தேன். ஒரு மனுஷியோட மதிப்பை ஒரு எண்ணால அளந்துட முடியுமா?"

"முடியும்னு சொன்னியேப்பா. போன வெள்ளிக்கிழமை."

"அது போன வெள்ளிக்கிழமை. ஆயிரத்து இருநூத்தி எழுபது என்ன கெட்ட மார்க்கா? அதுல ஒரு அடக்கம் இருக்கு. ஒரு நிதானம் இருக்கு."

"இல்லப்பா. நீ சொன்னதுதான் சரி. இறங்கவே இறங்காது, ஏறத்தான் செய்யும்." பிரின் தட்டைத் தள்ளிவிட்டு, செங்கல் தடிமனில் ஒரு பயிற்சிப் புத்தகத்தை மேஜையில் வைத்தாள். அவர் வாங்கிக் கொடுத்த நான்கில் ஒன்று. "ஐம்பது வார்த்தை கேளு. நான் தயார்."

"இன்னைக்கு வேண்டாம்மா."

"நீதானே தினமும் ஐம்பது சொன்னே!"

மார்ச் மாதம் கட்டிப்போட்டாலும் அந்தப் புத்தகத்தைத் தொடாத பெண். இப்போது அதை வைத்துக்கொண்டு வீடு முழுக்க அவரைத் துரத்தினாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று முக்கோணத்துக்குப் பரப்பளவு சொன்னாள். வெண்டல் உள்ளே தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூட ஆலோசகருக்குப் போன் போட்டார். பிரினுக்கு மறுதேர்வு தேவையில்லை என்று அந்த அம்மாள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டார். "மிஸ்டர் பிக்ஸ்லர், மார்ச்ல இருந்து உங்களுக்கு அதைத்தான் எழுதிட்டிருக்கேன். மொத்தம் பதினொரு மெயில்," என்றார் ஆலோசகர். "நீங்க ஒவ்வொண்ணுக்கும் மறுப்பு எழுதியிருக்கீங்க. கடைசி மறுப்பு மூணு பக்கம்."

சனிக்கிழமை காலை வெண்டல் சரணடைந்தார். டீனா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே வந்து உட்கார்ந்து ஒரு ஜோடி காலுறையை எடுத்துத் தானும் மடித்தார். அவர் காலுறை மடித்தார் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்துகொள்ளலாம்.

"டீனா, நான் உண்மையைச் சொல்லிடுறேன்."

"சொல்லு."

"எனக்கு மேட்சுக்குப் போகணும்."

"அப்படியா! நான் நினைச்சுக்கூடப் பாக்கல."

"கிண்டல் பண்ணாதே."

"வெண்டல், இன்னைக்கு மேட்ச்சுக்காக வேண்டாம்பே. மேட்ச் முடிஞ்சதும் டிசம்பர்ல எழுதும்பே. டிசம்பர் போனா மார்ச் வரும். அந்தப் பொண்ணு காலேஜ் முடிச்சு மாட்டுக்கு ஊசி போட்டுட்டிருக்கும்போது வந்து இன்னொரு தடவை எழுதும்பே. எனக்கு இது ஒரேயடியா முடியணும்." குரலில் கேலி இல்லை இப்போது. "மார்ச்ல அவ கை எப்படி இருந்துச்சுன்னு நீ தொட்டுப் பாத்தியா? நான் பாத்தேன்."

வெண்டலுக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. இன்னொரு காலுறையை மடித்தார். அது வேறு ஜோடியுடையது.

டீனா ஒரு தாளை எடுத்து எழுதினாள். யோசிக்காமல், நிறுத்தாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். பிரின் கல்லூரியில் காலடி வைக்கும் நாள்வரை வெண்டல் பிக்ஸ்லர் ஆகிய நான் தேர்வு, மறுதேர்வு, மார்க் ஆகிய மூன்றையும் பற்றி வீட்டிலோ வெளியிலோ, சர்ச்சிலோ முடிவெட்டும் கடையிலோ, யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். மீறினால் இந்த சீசன் முடியும்வரை எனக்குச் சனிக்கிழமை டிவி கிடையாது. மேட்ச் நேரம் முழுவதும் தோட்டத்தில் மேப்பிள் இலை வாருவேன்.

"நான் வெளியில பேசினா உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் வெண்டல், சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

"கிளிஃப் கிட்ட சொன்னா பத்து நிமிஷத்துல அவன் பொண்டாட்டிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா எனக்குத் தெரியும்."

கையெழுத்துப் போட்டார். சாட்சியாக பிரின் கையெழுத்துப் போட்டாள். டீனா கைபேசியில் ஒரு தட்டுத் தட்டினாள். டிக்கெட் ஒன்று வெண்டலின் கைபேசியில் வந்து விழுந்தது.

"இன்னொண்ணு?"

"அதுக்கு ஆள் இருக்கு."

அடுத்த மூன்று வாரம் வீட்டில் அமைதி. வெண்டல் வாயே திறக்கவில்லை. முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது வாரம் பிரின் தானாகவே வந்து அவரோடு டிவி பார்த்தாள். மூன்றாவது வாரம், சும்மா இருப்பதுகூட நன்றாகத்தான் இருக்கிறது என்று அவருக்கே தோன்றியது.

அக்டோபர் நாலாந் தேதி காலை. வெண்டல் சிவப்புச் சட்டை, சிவப்புத் தொப்பி, ஐம்பத்தொரு வயதுக்குப் பொருந்தாத சிவப்புக் காலுறை எல்லாம் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். பிரின் இரவு உடையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். டீனா கிளினிக்குக்குக் கிளம்பாமல் காபிக் கோப்பையோடு நின்றாள்.

"அப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இப்போ சொல்லலாம்னு அம்மா சொல்லிட்டா."

"சொல்லும்மா."

"நான் மறுபடி எழுதிட்டேன். ஆகஸ்ட்லயே. நீ கிளிஃபோட ஏரிக்கு மீன் பிடிக்கப் போனியே, அன்னைக்கு. அம்மாதான் கூட்டிட்டுப் போனா. கோல்ட்டனுக்கு மார்க் வந்த அன்னைக்கே எனக்கும் வந்துடுச்சு."

வெண்டல் டீனாவைப் பார்த்தார். டீனா காபியைப் பார்த்தாள்.

"கிரிம்ஸ்வில்?"

"நல்ல ஊராம்," என்றாள் டீனா. "நான் போனதில்ல."

"டிக்கெட்?"

"டாக்டர் எந்த மேட்ச் வேணும்னு கேட்டார். நாலாந் தேதின்னேன்."

வெண்டல் படியிலேயே மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எவ்வளவு?" என்று கேட்க வாயெடுத்தார். ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. புருவத்தால் கேட்டார்.

"ஆயிரத்து நானூத்திப் பத்து," என்றாள் பிரின்.

ஆயிரத்து நானூற்றுப் பத்து. கோல்ட்டனைவிட இருபது அதிகம். வெண்டலுக்குக் கண் கலங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றி மகள் தலையில் வைத்தார். அதற்குப் பிறகு கோல்ட்டன் ஞாபகம்கூட அவருக்கு வரவில்லை. சத்தியமாக ஒரு முழு நிமிஷம் வரவில்லை.

"கை சில்லிட்டுப் போகலையா?"

"நீ ஜன்னலுக்கு எதிர்ல நிக்கலையேப்பா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்கு அது அதிகமாக வலித்தது.

வெளியே கார் ஹாரன் அடித்தது. இரண்டு தடவை, உற்சாகமாக.

"உன் கூட மேட்ச்சுக்கு வர்ற ஆள்," என்றாள் டீனா. "இன்னொரு டிக்கெட்டை கிளிஃபுக்குக் குடுத்துட்டேன். பக்கத்து வீடு, பாவம்."

நெடுஞ்சாலையில் ஏறும்வரை கிளிஃப் வானிலையைப் பற்றிப் பேசினான். ஏறியதும் கோல்ட்டனைப் பற்றிப் பேசினான். ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு என்ற எண் பத்து மைலுக்குள் ஆறு தடவை வந்தது. வெண்டல் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் போகிற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையில் ஓர் எண் நின்றுகொண்டு இறங்கவும் மாட்டேன், ஏறவும் மாட்டேன் என்றது.

"ஆமா, இன்னைக்குத்தானே பிரின் மறுபடி எழுதறதா சொன்னே?" என்றான் கிளிஃப்.

வெண்டல் தலையை ஆட்டினார். இல்லை என்றும் இல்லாமல் ஆமாம் என்றும் இல்லாமல், ஒரு பொதுவான ஆட்டு.

"விட்டுட்டியா?" கிளிஃப் குரலைத் தாழ்த்திக்கொண்டான். துக்க வீட்டில் பேசுகிற குரல். "நல்ல முடிவுப்பா. சில பிள்ளைங்களுக்கு எத்தனை தடவை எழுதினாலும் அவ்வளவுதான். அதை ஏத்துக்கிட்டே பாரு, அதுக்கு ஒரு பெரிய மனசு வேணும்." திரும்பி வெண்டலின் முகத்தைப் பார்த்தான். அது சட்டையைவிடச் சிவப்பாக இருந்தது. "அட, கண்ணெல்லாம் கலங்குதே! மனசைத் தளரவிடாதே. வேணும்னா கோல்ட்டனை அனுப்பட்டுமா? வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து பிரினுக்குக் கணக்கு சொல்லிக் குடுப்பான்."

"ரொம்ப நன்றி, கிளிஃப்," என்றார் வெண்டல்.